நாலு லீற்றர்

தோஹாவில் இருந்து வந்த பெட்டியில்
கம்பளி இரண்டு, பால்மா ரின் ஆறு,
பிள்ளைகளுக்குச் சப்பாத்து, அளவு பிழை.
அடியில், துவாயில் சுற்றி,
பச்சைப் பிள்ளை மாதிரி ஒரு கான்.
ஃபுல் சின்தெற்றிக். ஐந்து டபிள்யூ முப்பது.
"அக்கா, இதை ஊத்து,
பத்தாயிரம் ஓடும் மட்டும் மூடியத் திறக்காத"
வொய்ஸில் தம்பி கிருபாகரன்.

என் கொரோல்லா தொண்ணூற்றி நாலில் பிறந்தது.
மூன்று கை மாறி என்னிடம் வரும்போதே
மீற்றர் ஒருதரம் பூச்சியத்துக்குப் போய்
திரும்பி வந்துவிட்டதாகக் கதை.
அது குடித்து வளர்ந்தது
இருபது டபிள்யூ ஐம்பது, மினரல்,
களுவாஞ்சிகுடிச் சந்திக் கடையில் வாங்குவது,
ஐயாயிரத்துக்கு ஒருக்கால்,
விரலில் தொட்டால் பாணி மாதிரி இழுக்கும்.

மருதமுனையில் முபீத் பாஸ்
கானைத் திறந்து மணந்து பார்த்தார்.
"நல்ல சாமான், தங்கச்சி. பொய் சொல்லேலா.
மினரல் மண்ணுக்குள்ளால வாறது,
பெரிசும் சின்னதும் கலந்துதான் கிடக்கும்.
இது கட்டினது. எல்லா மணியும் ஒரே அளவு.
சூட்டுல லேசில கருகாது.
ஆனா இந்த எஞ்சினுக்கு..."
வசனத்தை முடிக்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி அனுப்பினது" என்றேன்.
அதற்கு மேல் எந்த பாஸும் கதைக்க மாட்டார்.
பழையது வடிந்து முடிய அரை மணித்தியாலம்.
புதியது இறங்கினது தெரியவேயில்லை.

செவ்வாயும் வெள்ளியும் வெள்ளன நாலரைக்கு
சுகிர்தாவை ஏற்றுவேன்,
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு,
இரத்தம் கழுவ.
தாழங்குடா தாண்டக் கேட்டாள்:
"என்னகா, கார் நிண்டிட்டா?"
நிற்கவில்லை. அறுபதில் போகிறது.
கல்லடிப் பாலத்தில் கண்ணாடியை இறக்கினோம்.
இத்தனை நாளும் இந்த எஞ்சின்
காற்றைப் பேசவே விடவில்லை.

"எனக்கும் உதுல ஒரு கான் எடுப்பிக்கேலாதா?
பத்தாயிரத்துக்கு ஒருக்காப் போனாக் காணும்."
சிரித்துச் சிரித்து இருமினாள்.
நான் கியரை மாற்றினேன்,
மாற்றத் தேவையில்லாத இடத்தில்.

ஆறாவது கிழமை
ஆஸ்பத்திரி வளவில் காரை எடுத்தபோது
தரையில் ஐந்து ரூபாய்க் குத்தி அளவில் ஒரு கறுப்பு.
மற்ற வெள்ளி அது தேத்தண்ணிக் கோப்பையின் தட்டு.

காருக்குக் கீழே படுத்தபடி முபீத் பாஸ்:
"சீல் எப்பவோ செத்துப் போச்சி.
முப்பது வருச ஊத்தைதான்
அதச் சொல்லாம அடைச்சி வச்சிருந்த.
உங்கட தம்பிட ஒயில் வந்து
வடிவாக் கழுவிட்டு.
ஒயில்ல பிழையில்ல."
கால்கள் மட்டும் தெரிந்தன. குரல் என்னவோ
பிரேதத்தைப் பார்த்துப் பேசுவது போல.

சீல் மாற்றலாம். எஞ்சினை இறக்க வேணும்.
கிளினிக் துண்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
ஒரு மாத ஹயர். அந்த மாதம்
சுகிர்தா எதில் போவாள் என்பது
அந்தக் கணக்குக்குள் வரவில்லை.
"ரெண்டையும் கலந்தா?"
"கலக்கலாம். ரெண்டுக்கும் நட்டம்."

மறுகா என்ன, பழையபடி இருபது-ஐம்பது.
தடித்த ஒயில் தேய்ந்த இடைவெளிகளில்
தன் பாட்டில் போய்க் குந்திக்கொண்டது.
"ஆ, வந்திட்டான் பழைய ஆள்" என்று
ஏறும்போதே சொன்னாள் சுகிர்தா.
கல்லடியில் கண்ணாடி இறக்கியும்
காற்று கேட்கவில்லை.

ஒழுக்கு குறைந்தது, நிற்கவில்லை.
ஊத்தை திரும்பிச் சேர எத்தனை வருசம் என்று
பாஸிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

நேற்று தம்பி: "எஞ்சின் எப்பிடி?"
"சத்தமே இல்ல" என்றேன்.
அந்த ஆறு கிழமையை நினைத்துச் சொன்னது,
பொய் என்றும் சொல்லேலாது.

அவனது பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி
காருக்கு அடியில் விரித்திருக்கிறேன்.
மார்க்கரில், அவன் கையெழுத்தில், அவன் பெயர்.
இன்று பார்த்தேன், 'பா'வின் மேல் ஒரு சொட்டு.
நாளை வெள்ளி, நாலரைக்கு எழும்ப வேணும்.
மட்டையை ஒரு சாண் தள்ளி வைத்தேன்.